ஞாயிறு கீபோர்டு, வெள்ளி போஸ்டர்: சபையிலிருந்து ஒரு கலை வாழ்க்கையைத் தொடங்குவோருக்கு

ஒரு சபையில் உங்களுக்குக் கொஞ்சம் கீபோர்டு வாசிக்க வரும் என்று தெரிந்துவிட்டால் போதும். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் போஸ்டரும் உங்கள் தலையில்தான் விழும். போஸ்டர் சுமாராக வந்துவிட்டால், ஞாயிறு பள்ளி நாடகத்துக்குப் பின்திரை யார் வரைவது என்று யாரும் கேட்கப்போவதில்லை. எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். இசை, ஓவியம், வடிவமைப்பு, விசுவாசம் நான்கும் ஒரே ஆளிடம் வந்து சேர்வது தமிழ்ச் சபைகளில் பெரும்பாலும் இப்படித்தான். யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை.

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கும், மாட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கும் இது. பகலில் வேறு வேலையோ படிப்போ இருக்கும். மாலையும் வார இறுதியும்தான் கையில் மிச்சம். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று முறைகள் மாறும். ஒரு இடத்தில் ஐயர், ஒரு இடத்தில் ஃபாதர், ஒரு இடத்தில் பாஸ்டர். செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

நான்கையும் தனித்தனியாகக் கற்றுக்கொண்டு அப்புறம் சேர்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. சபையின் ஆண்டு அட்டவணையையே பாடத்திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். அது தேதி கொடுக்கும், முன்னால் உட்கார ஆட்களைக் கொடுக்கும், "போன வருஷம் இதைவிட நல்லா இருந்துச்சே" என்று முகத்துக்கு நேரே சொல்லப் பெரியவர்களையும் கொடுக்கும். காசு கட்டிச் சேரும் வகுப்புகளில் இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

படி 1: எது முதல் கை, எது சோறு போடும் கை

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரை (1859–1919) எடுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், சித்த மருத்துவர், புகைப்படக் கலை தெரிந்தவர், தோட்டம் போட்டவர், சொந்தமாக அச்சகம் வைத்திருந்தவர், கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதியவர். 1912 முதல் தஞ்சாவூரில் தன் செலவில் இசை மாநாடுகள் நடத்தினார். 1917இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் போகும் 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? மருந்து விற்ற காசு. இசை அவருக்குச் சோறு போடவில்லை. மருத்துவம் போட்டது, அதனால் இசையில் யாருக்கும் தலையாட்ட வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர்கள் சேர்ந்து நிலம் வாங்கியது ஓவியம் விற்ற காசில் அல்ல. பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். கைவினை வயிற்றைப் பார்த்துக்கொண்டது, ஓவியம் தன் பாட்டுக்கு இருந்தது.

அதனால் ஒரு தாளை எடுத்து மூன்று வரி எழுதுங்கள். எதைச் செய்யாவிட்டால் உங்களுக்கு இருப்புக்கொள்ளாதோ, அது முதல் கை. எதற்கு வெளியார் காசு கொடுப்பார்களோ, அது சோறு போடும் கை. பெரும்பாலும் இது வடிவமைப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் கல்யாணப் பத்திரிகையும் கடைப் பலகையும் எந்தக் காலத்திலும் தேவைப்படும். மீதி உள்ளவை துணைக்கு. துணைக்கு இருப்பவற்றில் மேதையாக வேண்டாம். ஓவியம் முதல் கை என்றால் கீபோர்டில் நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) தெரிந்தால் போதும். இசைதான் முதல் கை என்றால் போஸ்டர் சுத்தமாக, பிழையில்லாமல் இருந்தால் போதும். இந்த வரிசையை முதலிலேயே முடிவு செய்யாதவர்கள்தான் நாலிலும் அரைகுறையாக நின்று, எல்லாவற்றையும் ஒரேநாளில் விட்டுவிடுகிறார்கள்.

படி 2: ஆண்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டுங்கள்

ஈஸ்டர் ஒவ்வோர் ஆண்டும் நகரும்: மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் வரலாம். அதிலிருந்து 46 நாள் பின்னோக்கிப் போனால் சாம்பல் புதன், ஒரு வாரம் பின்னோக்கிப் போனால் குருத்தோலை ஞாயிறு, ஈஸ்டர் முடிந்து 49 நாள் கழித்து பெந்தெகொஸ்தே. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அட்வென்ட், கத்தோலிக்கர்களுக்குத் திருவருகைக் காலம். இவற்றோடு உங்கள் ஊருக்கே உரியவற்றைச் சேருங்கள்: அறுப்பின் பண்டிகை, அசனம் (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்து), கொடியேற்றம், சப்பரப் பவனி, மே மாத வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), கன்வென்ஷன் கூட்டங்கள், டிசம்பர் 31 இரவு ஆராதனை.

இப்போது ஒவ்வொரு தேதிக்கும் பின்னோக்கி எண்ணுங்கள். பாடகர் குழுவுக்குப் புதுப்பாட்டு என்றால் ஆறு வாரம். அச்சு வேலை என்றால் மூன்று வாரம், டிசம்பரில் நாலு. காலண்டர் போடுகிற எண்ணம் இருந்தால் இன்னும் முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டும்; சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு அன்றே வந்துவிடும். நவம்பரில் போய் நின்றால் மிச்சம் மீதி வடிவங்களில்தான் ஒன்றைப் பொறுக்க வேண்டியிருக்கும்.

வண்ணங்களையும் இதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அட்வென்டுக்கும் லெந்துக்கும் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) ஊதா, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, மற்ற சாதாரண ஞாயிறுகளுக்குப் பச்சை. வழிபாட்டு வண்ணம் பார்க்காத சபையில் இருந்தாலும் இது உதவும். போஸ்டருக்கு என்ன நிறம் போடலாம் என்று உட்கார்ந்து மண்டையை உடைக்கும் நேரம் மிச்சம்.

படி 3: இசை — முதலில் சபை பாடுவதைக் கேளுங்கள்

61 கீ உள்ள, மெல்ல அழுத்தினால் மெல்லவும் ஓங்கி அழுத்தினால் ஓங்கியும் ஒலிக்கிற ஏதாவதொரு கீபோர்டு போதும். முதல் மாதம் சி ஸ்கேலில் சி, எஃப், ஜி, ஏ மைனர் ஆகிய நாலு கார்டுகள். ஆனால் அவற்றைப் பெயரால் மனப்பாடம் செய்யாமல் எண்ணால் பழகுங்கள்: 1, 4, 5, 6. அப்புறம் பாட்டு டி-க்கோ எஃப்-க்கோ போனாலும் எண்கள் மாறாது, கை மட்டும் நகரும்.

கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் போட்டிருப்பார்கள். இளம் வாசிப்பாளர்கள் அந்த வரியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பாருங்கள். சங்கராபரணம் என்று இருந்தால் நீங்கள் ஏற்கெனவே பழகிய மேஜர் ஸ்கேல்தான் அது. அதில் ம, நி சுரங்களை எடுத்துவிட்டால் மோகனம். சங்கராபரணத்தில் நி சுரத்தை மட்டும் அரைப் படி இறக்கினால் அரிகாம்போதி. நடபைரவி என்றால் இயல்பான மைனர் ஸ்கேல். சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் விசைகளில் உட்காராது. அதைப் பாடுகிறவரிடம் விட்டுவிட்டு, நீங்கள் நீளமான சுரங்களை மட்டும் தாங்கிப் பிடியுங்கள்.

தாளத்தில்தான் உண்மையான தகராறு. ஆதி என்றால் எட்டு எண்ணிக்கை, கீபோர்டில் நாலு நாலாகத் தட்டும் எந்த ரிதமும் ஒத்துப்போகும். சாபு தாளக் கீர்த்தனையை அப்படி ஓட்ட முடியாது. மிஸ்ரசாபு என்றால் மூன்றும் நாலுமாக ஏழு எண்ணிக்கை. நாலு நாலாகத் தட்டும் ரிதத்தைப் போட்டால் இரண்டாவது வரியிலேயே சபை ஒருபக்கம், கீபோர்டு ஒருபக்கம். அந்தப் பாட்டுக்கு ரிதத்தை அணைத்துவிடுங்கள். தபேலா வாசிக்கிறவர் இருந்தால் அவர் பின்னால் போங்கள். இல்லையென்றால் இடது கையில் ஒற்றைச் சுரம், வலது கையில் மெட்டு, அவ்வளவுதான். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்துக் கீர்த்தனைகள் மின்சாரம் இல்லாமலேயே இத்தனை தலைமுறை பாடப்பட்டு வந்தவைதானே.

இன்னொரு பயிற்சி, எந்த வகுப்பிலும் சொல்லித்தராதது. நம் சபைகளில் நீங்கள் சுருதி கொடுக்கும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். பாட்டு எண் அறிவித்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பாட்டி ஆரம்பித்துவிடுவார், அதுவும் சி-க்கும் சி ஷார்ப்புக்கும் நடுவில் எங்கேயோ. பதறி உடனே கார்டு போடாதீர்கள். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, பல்லவியின் கடைசியில் குரல் எங்கே போய் நிற்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அதுதான் சட்ஜமம், பாட்டின் அடிப்படைச் சுரமான 'ச'. அந்த விசையை மெல்லத் தொடுங்கள். ஒத்துப்போனால் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டி உங்களுக்குப் பழகிய ஸ்கேலுக்குக் கொண்டுவாருங்கள். முதல் சரணத்தில் இதமாக உள்ளே நுழையுங்கள். வீட்டில் பழைய பதிவுகளைப் போட்டு, சட்ஜமத்தைக் கண்டுபிடிக்கும் இந்த ஒரு வேலையை மட்டும் தினமும் பத்து நிமிடம் செய்தால் காது தானாகத் திறக்கும்.

புதுப்பாட்டைச் சபைக்குக் கொண்டுவரும்போது ஸ்கேலை இறக்குங்கள். யூடியூபில் கேட்ட பாட்டை ஒரு தேர்ந்த பாடகர் தன் குரலுக்கு ஏற்ற உச்சத்தில் பாடியிருப்பார். சபையில் காய்கறிக் கடைக்காரரும் தலைமை ஆசிரியையும் சேர்ந்து பாட வேண்டும். நடு சி-யிலிருந்து எண்ணினால் ஒன்பதாவது வெள்ளை விசை, அதாவது மேல் டி. பாட்டின் உச்சம் அதைத் தாண்டினால் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். ஆண்கள் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள், கவலை வேண்டாம்.

பாடகர் குழுவில் சேர்ந்தால் சோல்ஃபா படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தென்மாவட்டங்களில் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனார், பாஸ் என நாலு குரலையும் டோ ரே மீ எழுத்துகளிலேயே படித்துத் தேறிய மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பக்கத்தில் ஒரு அட்வென்ட் காலம் முழுக்க நின்று பாடினால் கிடைக்கும் படிப்பு தனி. ஐந்து கோட்டு நொட்டேஷன் வேண்டுமென்றால் மியூஸ்ஸ்கோர் இலவசம். குரல்களைத் தனித்தனியாக ஒலிக்கவிட்டு வாட்ஸ்அப்பில் குழுவுக்கு அனுப்பலாம்.

படி 4: வடிவமைப்பு — ஒரு வாக்குத்தத்த அட்டையில் எல்லாம் இருக்கிறது

போஸ்டரில் தொடங்காதீர்கள். புத்தாண்டு இரவில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் தொடங்குங்கள். ஒரு வசனம், ஆண்டு, சபையின் பெயர், அவ்வளவுதான் உள்ளடக்கம். அது வருஷம் முழுக்க ஒருவரின் வேதாகமத்துக்குள் இருக்கும். போஸ்டரோ ஜனவரி 2ஆம் தேதி குப்பையில்.

அளவு ஏ7, அதாவது 74 x 105 மி.மீ. பர்ஸில் நுழையாது, வேதாகமத்தில் அழகாக உட்காரும். டிஜிட்டல் பிரிண்ட் கடைகளில் சாதாரணமாகப் புழங்குவது 12 x 18 அங்குலத் தாள். பின்னணி வெள்ளை என்றால் ஒரு தாளில் 16 அட்டைகளை நெருக்கி வைக்கலாம். ஓரம்வரை வண்ணம் போட்டால் ஒவ்வோர் அட்டைக்கும் சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டி எடுக்கும் கூடுதல் ஓரம்) விட வேண்டும், அப்போது 12தான் வரும். 400 அட்டைக்கு முதலாவதில் 25 தாள், இரண்டாவதில் 34. சபைப் பொருளாளரிடம் பேச இந்தக் கணக்கு கைவசம் இருக்கட்டும்.

எழுத்துரு விஷயத்தில் இன்றைக்குப் பஞ்சமில்லை. கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, அரிமா, பாலூ தம்பி எல்லாம் இலவசம், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். ஒரு அட்டைக்கு ஒரு எழுத்துரு, இரண்டு கனம். அதற்கு மேல் வேண்டாம். தமிழுக்கு வரி இடைவெளி தாராளமாக வேண்டும். மேலே புள்ளியும் இகரக் கொம்பும், கீழே உகரச் சுழியும் இருப்பதால், ஆங்கிலத்துக்கு வைக்கும் இடைவெளியை அப்படியே வைத்தால் மேல் வரியின் "கூ" கீழ் வரியின் "டீ"யோடு மோதும். எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கு வையுங்கள். எழுத்துகளை இழுத்து அகலமாக்குவது, நிழல் போடுவது, பொன்னிறச் சாயம் பூசுவது, மூன்றும் கண்ணுக்குக் கேடு.

இனி நம் ஊருக்கே உரிய இரண்டு கண்ணிகள். முதலாவது மென்பொருள். போட்டோஷாப்பிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ "கொடு" என்று ஒட்டினால் சில கணினிகளில் கொம்பு இடம் மாறி, கவுக்குப் பின்னால் போய் நிற்கும். தட்டச்சு அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவைப் போட்டால் சரியாகிவிடும். இன்க்ஸ்கேப்பிலும் கேன்வாவிலும் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

இரண்டாவது அச்சகம். பல அச்சகங்களில் இன்னும் கோரல்டிராவும், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களும்தான். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வசனத்தை அவர்கள் அந்த எழுத்துருவுக்கு மாற்றும்போது ஓர் எழுத்து விழும், ஒரு புள்ளி காணாமல் போகும். வேத வசனத்தில் ஒரு புள்ளி போனால் யார் விடுவார்கள்? "கர்வ் பண்ணி அனுப்புங்க" என்று அச்சகத்தில் சொல்வது இதற்காகத்தான். எழுத்துகளை வடிவங்களாக மாற்றிய பி.டி.எஃப்.பை அனுப்பிவிட்டால் அங்கே யாரும் எதையும் மாற்ற முடியாது. மாற்றுவதற்கு முன்னால் திருத்தக்கூடிய கோப்பை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். படங்கள் 300 டி.பி.ஐ., வண்ணம் சி.எம்.ஒய்.கே. (அச்சுக்கான நான்கு மை முறை), சின்ன எழுத்துகளுக்கு வெறும் கறுப்பு மை மட்டும். திரையில் பளீரென்று இருந்த நீலம் அச்சில் மங்கித்தான் வரும். ஒரு தாள் மாதிரி எடுத்துப் பார்க்காமல் மொத்தத்துக்கும் சரி சொல்லாதீர்கள்.

பிழை திருத்தத்தை நீங்களே செய்யாதீர்கள். உங்கள் கண் பழகிப்போயிருக்கும். தாளில் கறுப்புவெள்ளையாக எடுத்து, வேதாகமம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வசன எண், அதிகாரம், தேதியும் கிழமையும் பொருந்துகிறதா, எந்த மொழிபெயர்ப்பு என்று நாலும் பார்க்க வேண்டும். உங்கள் சபையில் சத்தமாக வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பையே அட்டையிலும் போடுங்கள், இணையத்தில் முதலில் கிடைத்ததை அல்ல.

திரையில் போடும் பாட்டு வரிகளுக்கு ஓபன்எல்பி, ஃப்ரீஷோ போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. ஒரு ஸ்லைடில் நாலு வரிக்கு மேல் வேண்டாம். பாடகர் மூச்சு விடும் இடத்தில் வரியை உடையுங்கள், திரை அகலம் முடிந்த இடத்தில் அல்ல. பின்னணியில் ஓடும் மேகம், அலை, சூரிய உதய வீடியோக்களை எடுத்துவிட்டுக் கருநீலத்தில் வெள்ளை எழுத்து போடுங்கள். கடைசி வரிசைப் பெரியவர்கள் உங்களுக்கு ஜெபத்தில் நன்றி சொல்வார்கள்.

படி 5: வரைதல் — முகத்தை விடுங்கள், பொருளை வரையுங்கள்

புதிதாக வரைய வருகிறவர்கள் நேரே இயேசுவின் முகத்தில் போய் நிற்பார்கள். அதைவிடக் கடினமான ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. கடைசியில் எங்கோ பார்த்த நீலக்கண், பொன்முடிப் படத்தின் நகலாகத்தான் முடியும். வேதாகமம் பொருள்களால் நிரம்பியது: விளக்கு, புளித்த மா, வலை, படகு, கதிர், கல்ஜாடி, அத்திமரம், கடுகு. இவற்றில் பாதி உங்கள் வீட்டுச் சமையலறையிலும் தெருவிலும் இருக்கின்றன.

திங்கட்கிழமை, வரும் ஞாயிறுக்கான வேத பகுதியை எடுத்து வாசியுங்கள். குறித்த வாசகங்கள் இல்லாத சபை என்றால் பாஸ்டரிடம் என்ன செய்தி என்று கேளுங்கள், கேட்டால் சந்தோஷப்படுவார். அதில் வரும் ஒரு பொருளை எதிரில் வைத்து, உள்ளங்கை அளவில் பென்சிலால் வரையுங்கள். இணையப் படத்தைப் பார்த்து அல்ல, பொருளையே பார்த்து. கடுகு என்றால் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை வெள்ளைத் தாளில் கொட்டி, எவ்வளவு சின்னது, எப்படி உருளுகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை, ஓலையில் சிலுவை மடிப்பவர்கள் பக்கத்தில் நோட்டோடு உட்காருங்கள். ஓலை மடியும் இடத்தில் ஒளி எப்படி வெட்டுகிறது என்பதை ஒருமுறை கவனித்துவிட்டால், அந்த ஒரு கோடு பிறகு உங்கள் போஸ்டரில் வரும், அட்டையில் வரும், இரண்டு வருஷம் கழித்து ஒரு சுவரிலும் வரும்.

இந்தச் சிறு படங்கள்தான் உங்கள் சொந்தச் சேமிப்பு. செயற்கை நுண்ணறிவில் ஒரு நிமிடத்தில் படம் எடுக்க முடிகிற காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். அந்தப் படங்களில் பன்னிரண்டு சீடர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள் என்று சொல்லுங்கள்.

நாடகப் பின்திரைக்குக் காடாத் துணி வாங்குங்கள். வெள்ளை எமல்ஷனைத் தண்ணீர் கலந்து ஒரு பூச்சு பூசிக் காயவைத்து, மேலே அதே எமல்ஷனில் ஸ்டெயினர் கலந்து வண்ணம் போடுங்கள். பெயின்ட் கடையில் ஐந்தாறு நிற ஸ்டெயினர் வாங்கினால் ஒரு திரைக்குத் தாராளம். தூரத்திலிருந்து பார்ப்பதற்காக வரைவதால் பெரிய பெரிய வண்ணப் பரப்புகள் போதும். நுணுக்கமெல்லாம் மேடை விளக்கில் காணாமல் போய்விடும். பிள்ளைகளையும் பூச விடுங்கள். அப்போதுதான் அவர்களின் அப்பா அம்மா திரையை நன்றாக இருக்கிறது என்பார்கள்.

படி 6: உரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் அதை ஆக்கியவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. 1864இல் மறைந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்களை யாரும் எடுத்துப் பாடலாம். ஆனால் அதற்கு இன்றைய ஒருவர் போட்ட புது இசைக்கோர்வை அவருடையது. உண்மையான வழிபாட்டில் பாடுவதற்குச் சட்டத்தின் 52ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. அதே ஆராதனையைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றும்போது அந்த விலக்கை நம்பி இருக்காதீர்கள், அனுமதி கேளுங்கள். தமிழ்க் கிறிஸ்தவப் பாடலாசிரியர்களை அணுகுவது ஒன்றும் கடினமில்லை, கேட்டால் பலர் தயங்காமல் சரி என்பார்கள். படங்களுக்கும் இதுவே. நீங்களே வரைந்த கடுகுக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம்.

படி 7: காசும் பேச்சும்

சபை வேலைக்குக் காசு வாங்கலாமா என்பது தீராத வழக்கு. என் பழக்கம் இது: சொந்தச் சபைக்கு உழைப்பு இலவசம், பொருள்செலவு சபையுடையது. பிற சபைகளுக்கும் நிறுவனங்களுக்கும் கட்டணம் உண்டு, வேலை தொடங்கும்முன் பாதி. இதை அச்சுக்குக் கொடுக்கும் முன்னாலேயே பேசிவிட வேண்டும். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"தம்பி, இது ஊழியந்தானே?"

"ஊழியந்தான் ஐயா. டிசைனுக்கு எதுவும் வேண்டாம். பிரிண்டிங் பில்லைச் சபைக் கணக்கில் போட்டுக்கொள்ளலாமா? தோராயத் தொகை இது."

இதைக் கேட்க வெட்கப்பட்டுக் கைக்காசைப் போட்டவர்கள் இரண்டு கிறிஸ்துமஸுக்கு மேல் தாங்குவதில்லை. அப்புறம் சபையின் மேலேயே கசப்பு வந்துவிடும். 500 ரூபாய்க்காக விசுவாசம் கெட வேண்டாம்.

திருத்தங்களுக்கும் எல்லை வையுங்கள். கமிட்டியில் ஏழு பேர் என்றால் ஏழு நிறம் சொல்வார்கள். "யார் ஒருவர் இறுதியாகச் சரி சொல்வார்?" என்று முதல் நாளே கேட்டு, அந்தப் பெயரை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். இரண்டு முறை திருத்தம், அதற்குமேல் அடுத்த ஆண்டுக்கு. ஐயர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பேச வேண்டும். அதற்குத் தயாராக இருங்கள். புதியவருக்கு உங்கள் பழைய வேலைகளைக் காட்டுவது நல்ல அறிமுகமும்கூட.

வெளிவேலையை எங்கே தேடுவது என்று அலைய வேண்டாம். வாக்குத்தத்த அட்டையைப் பார்த்தவர்தான் மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு வருவார். அட்டையின் பின்புறத்தில் உங்கள் பெயரைப் போட ஆசையாக இருக்கும். போடாதீர்கள், யார் செய்தது என்று ஆராதனை முடிவதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும்.

படி 8: கீபோர்டை விட்டு இறங்கும் ஞாயிறு

வாரந்தோறும் கீபோர்டுக்குப் பின்னால் இருப்பவர் ஆராதனையில் கலந்துகொள்வதே இல்லை. பிரசங்கத்தின்போது அடுத்த பாட்டின் ஸ்கேலை யோசித்துக்கொண்டிருப்பார், ஜெபத்தின்போது வயரைச் சரிபார்ப்பார். சில வருஷங்களில், வேலை மட்டும் நன்றாக நடக்கும், உள்ளே ஒன்றும் நடக்காது. அதனால் மாதத்தில் ஒரு ஞாயிறு இறங்கிவிடுங்கள். கடைசி பெஞ்சில், குடும்பத்தோடு. அன்று கீபோர்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாட்டி இருக்கிறார். மைக் விசில் அடித்தாலும் எழுந்து ஓடாதீர்கள். முடிந்தால் வேறொரு பிரிவின் வழிபாட்டுக்கும் எப்போதாவது போய்ப் பாருங்கள். ஒரு பெந்தெகொஸ்தே வாலிபர் கத்தோலிக்கத் திருப்பலியின் மௌனத்தில் கேட்பதும், ஒரு கத்தோலிக்கர் கீர்த்தனை பாடும் சபையில் கேட்பதும் அவரவர் வாசிப்பில் தெரியும்.

படி 9: கோப்புகளும் அடுத்த ஆளும்

ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் பண்டிகைக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் திருத்தக்கூடிய கோப்பு, அச்சுக்குப் போன பி.டி.எஃப்., பயன்படுத்திய எழுத்துரு, அச்சக பில், எத்தனை அச்சடித்தோம் எத்தனை மீந்தது என்று ஒரு வரி. பாட்டுகளுக்குத் தனியாக ஒரு நோட்டு: பாட்டு எண், எந்த ஸ்கேலில் சபை வசதியாகப் பாடியது, எந்த தேதியில். நினைவிலிருந்து வாசிப்பவருக்கும் இந்த நோட்டு இல்லாமல் காலம் ஓடாது. நகல் ஒன்று சபை அலுவலகக் கணினியில் இருக்கட்டும். உங்கள் லேப்டாப் பழுதான வாரத்தில்தான் யாராவது போன வருஷப் பேனரைக் கேட்பார்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் யாராவது ஒரு பிள்ளை எப்போதும் உங்கள் கீபோர்டு பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு முதலில் ஸ்லைடு மாற்றக் கொடுங்கள். பாட்டோடு ஒத்து ஸ்லைடு மாற்றத் தெரிந்தால் தாளம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். அடுத்து, மாதத்தில் நீங்கள் இறங்கும் அந்த ஞாயிறில், ஒரே ஒரு பாட்டு. எளிதான பாட்டாக, ஆதி தாளத்தில், சி ஸ்கேலில்.